மாருதி ஜிப்சிக்குப் பாலியூரித்தேன் புஷ் செட்: எந்த வளையத்தில் போடலாம், எதில் கூடாது

பழைய ஜிப்சி வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே தேடத் தொடங்கும் பொருள் பாலியூரித்தேன் புஷ் செட். பட்டை ஸ்பிரிங் வண்டியோடு சேரும் வளையங்களுக்குள் மெத்தை போல உட்காரும் உருளைதான் புஷ்; கம்பெனியில் ரப்பரில் வரும். சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பளபளப்பாக வரும் இந்த செட்டைப் போட்டால் வண்டி இறுகிவிடும், ஸ்டீயரிங் நேராகிவிடும், தூக்கிப் போடுவது நின்றுவிடும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். முதல் இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. மூன்றாவது நடக்காது. சரியான இடத்தில் போட்டால் நல்ல பொருள்தான். எல்லா இடத்திலும் போட்டால் மலைப்பாதையில் வண்டியின் பெரிய பலத்தையே அது குறைத்துவிடும்.

1985 இறுதியில் வந்த முதல் ஜிப்சியில் தொடங்கி, 2018-19 வாக்கில் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது வரை, அடிப்படை அமைப்பு மாறவே இல்லை. ஆக்சில் அகலமானது, எஞ்சின் 1.0 லிட்டரிலிருந்து 1.3 லிட்டரானது. ஆனால் ஏணிச் சட்டம், முன்னும் பின்னும் ஒரே துண்டு ஆக்சில், நான்கு பட்டை ஸ்பிரிங் எல்லாம் அப்படியே இருந்தன. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு முனை சேஸியில் நிலையாக மாட்டப்பட்டிருக்கும், மறுமுனை ஷேக்கிள் எனும் ஆடும் இணைப்புத் தகட்டில் தொங்கும். முன் பட்டைக்கு ஷேக்கிள் முன்பக்கம் பம்பருக்குப் பின்னால் இருக்கிறது, பின் பட்டைக்குப் பின்பக்கம்.

புஷ் கணக்கு இதிலிருந்து வருகிறது. நிலையான முனையில் ஒரு வளையம், பட்டையின் ஷேக்கிள் முனையில் ஒன்று, ஷேக்கிள் மேலே சேஸியில் சேரும் இடத்தில் ஒன்று என்று ஒரு பட்டைக்கு மூன்று. நான்கு பட்டைக்கும் சேர்த்து 12 வளையங்கள். ஒவ்வொன்றிலும் இரு பக்கமிருந்தும் தள்ளிச் சேர்க்கும் இரண்டு பாதிகள். ஆக 24 பாதி புஷ்கள். முழு செட் என்று விற்பதில் 24-க்குக் குறைவாக இருந்தால், எது இல்லை என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ரப்பர் புஷ்ஷும் பாலி புஷ்ஷும் வேலை செய்யும் விதமே வேறு. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். ரப்பர் நட்டின் அழுத்தத்தில் பிடிபட்டு நிற்கும். பட்டை அசையும்போது ரப்பர் சறுக்குவதில்லை, தன்னுள்ளேயே முறுகித் திரும்புகிறது. பாலியூரித்தேன் அப்படி முறுகாது. வளையத்தின் நடுவே செல்லும் இரும்புப் பின்னின் மேல் சறுக்கித்தான் சுழலும். அதனால் அதற்குக் கிரீஸ் வேண்டும், பின் வழுவழுப்பாக இருக்க வேண்டும், பக்கத் தகடுகள் அதை நசுக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் கிறீச்சிடும், இல்லையென்றால் இறுகிப்போகும்.

இன்னொரு வேறுபாடு அதைவிட முக்கியமானது. ஒரு சக்கரம் மட்டும் பாறை மேல் ஏறும்போது ஆக்சில் சாய்கிறது. பட்டை மேலும் கீழும் வளைவதோடு நிற்காமல் நீளவாக்கில் முறுக்கிக்கொள்ளவும் வேண்டும். அந்த முறுக்கைப் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பது ஷேக்கிள் பக்கத்து ரப்பர்கள்தான். அங்கே கடினமான பாலியைப் போட்டால் முறுக்கு ஷேக்கிள் தகட்டுக்கும் சேஸியில் பற்றவைத்த குழாய்க்கும் போகும். சக்கரம் தரையை விட்டுச் சீக்கிரம் எழும்பும். கடற்கரை ஊர்களில் ஓடித் துருப்பிடித்த சேஸி என்றால் அந்தப் பற்றவைப்பைச் சுற்றி விரிசல் விடும் ஆபத்தும் சேர்கிறது.

ஆகவே எங்கள் பரிந்துரை கலப்பு. நிலையான முனைகள் நான்கிலும், அதாவது 8 பாதிகள், பாலி. ஷேக்கிளின் மேலும் கீழும் உள்ள 16 பாதிகளும் புதிய ரப்பர், அதுவும் கம்பெனி ரப்பர். பிரேக் பிடிக்கும்போதும் இழுக்கும்போதும் ஆக்சிலை முன்பின் நகராமல் பிடித்து வைப்பது நிலையான முனைதான். அங்கே தளர்ச்சி இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கில் தெளிவு தெரியும். வால்பாறை, நீலகிரி எஸ்டேட் பாதைகளில் ஓடும் வண்டிக்கு இதுவே போதும். தார்ச்சாலையை விட்டு இறங்காத வண்டிக்கு முழு செட்டும் போடலாம், ஆனால் சிறு அதிர்வுகள் கேபினுக்குள் கூடுதலாக வரும் என்பதை ஏற்றுக்கொண்டு போடுங்கள். கம்பெனி ரப்பர் செட் பாலியை விட வெகு மலிவு. பட்ஜெட் இடிக்கிறதென்றால் 24-ம் ரப்பராகவே மாற்றினாலும் பழைய வண்டியில் பெரிய மாற்றம் தெரியும்.

வாங்கும்போது நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். நிறம் வெறும் சாயம், கடினத்தைச் சொல்லாது. கேட்க வேண்டியது ஷோர் ஏ எனும் கடின அளவு, எண் கூடினால் கடினம் கூடும். 95-க்குப் பக்கத்தில் உள்ளவை பந்தய வண்டிக்கானவை. ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள ஜிப்சிக்கு 80-ஐ ஒட்டியது போதும். இரண்டாவது கேள்வி, பொருள் பாலியெஸ்டர் வகையா, பாலிஈதர் வகையா என்பது. பாலியெஸ்டர் வகை தொடர்ந்து ஈரத்தில் இருந்தால் நாளடைவில் சிதைந்து பொடியும். மழைக்காடு, சேறு, ஓடை கடக்கும் வண்டிக்குப் பாலிஈதர்தான். இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாத கடையில் வாங்காதீர்கள்.

பொட்டலத்தைப் பிரித்ததும் வெர்னியரை எடுங்கள். பழைய புஷ் நசுங்கியிருக்கும், அதை மட்டும் அளவாக நம்பக் கூடாது. வளையத்தின் உள் விட்டம், பின்னின் விட்டம், வளையத்தின் அகலம் மூன்றையும் அளந்து புதிய புஷ்ஷோடு ஒப்பிடுங்கள். மலிவு செட்களில் அடிக்கடி காணும் கோளாறு இரண்டு. ஒன்று, பாதிகள் சற்று நீளமாக இருந்து, வளையத்தின் நடுவில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், விளிம்பு வளையத்தில் உட்காராது. முட்டும் முகத்தைச் சமமாக உப்புத்தாளில் தேய்த்தால் தீர்ந்துவிடும். மற்றது விளிம்புத் தடிமன் கூடுதலாக இருப்பது. இது தொல்லை. ஷேக்கிள் தகடு விளிம்பைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், ஷேக்கிள் ஆடவே ஆடாது. உள்சுவரில் கிரீஸ் தங்குவதற்கான வரிகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். வழுவழுவென்று வார்த்தவை சீக்கிரம் உலரும்.

செட்டோடு வரும் கிரீஸ் பாக்கெட் பெரும்பாலும் போதாது. தண்ணீரில் கரையாத சிலிகான் கிரீஸ் தனியே வாங்கி வையுங்கள். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் சீக்கிரம் கழுவிப் போய்விடும். அதே கிரீஸை ரப்பர் புஷ்ஷில் தடவுவது அதைவிட மோசம், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதி மென்மையாகிவிடும். ரப்பரை உள்ளே தள்ளச் சிரமமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் போதும்.

மாட்டும் வேலை கடினமில்லை, அவசரம்தான் கெடுக்கும். முந்தின இரவே எல்லா நட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து விடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பட்டை மட்டும் கழற்றுங்கள், நான்கையும் ஒன்றாக அவிழ்த்தால் ஆக்சிலைத் திரும்ப இடத்தில் உட்கார வைக்கப் பாதி நாள் போய்விடும். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சேஸியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலுக்கு அடியில் தனி ஜாக்கி கொடுங்கள். ஆக்சில் தொங்கினால் பிரேக் ஹோஸ் இழுபடும். ஹோஸை ஒரு கண் பார்த்துக்கொண்டே இறக்குங்கள்.

பின்கள் வளையத்துக்குள் துருவேறிப் பிடித்திருக்கும். கேஸ் வைத்து ரப்பரை எரிப்பது பட்டறைகளில் வழக்கம். புகை நச்சு, பட்டையின் முனையும் சூடேறிப் பதம் இழக்கும். ரப்பரின் விளிம்பைக் கத்தியால் அறுத்துவிட்டு, பின்னைச் சுற்றி மெல்லிய ட்ரில்லால் சில துளைகள் போட்டால் ரப்பர் தளர்ந்து பின் வெளியே வரும். நேரம் பிடிக்கும், ஆனால் எதுவும் கெடாது. வெளியே வந்த பின்னில் விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். பள்ளம் விழுந்த பின்னில் பாலி புஷ் போட்டால் சில மாதங்களிலேயே ஆட்டம் திரும்பி வந்துவிடும். வளையத்தின் உள்சுவரையும் துரு நீக்கி வழுவழுப்பாக்குங்கள்.

பிறகு இறுக்கும் முறை. ரப்பர் போட்ட இடங்களில் நட்டை விரலால் ஏற்றி விட்டுவிட்டு, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, முன்னும் பின்னும் தள்ளி, அது தன் இயல்பான உயரத்தில் நின்ற பிறகே முழுதாக இறுக்க வேண்டும். ஆக்சில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபடும். வண்டி கீழே இறங்கியதும் எந்நேரமும் முறுகியபடியே கிடந்து சீக்கிரம் கிழியும். புது ரப்பர் ஆறு மாதத்தில் போய்விட்டது என்று புலம்புபவர்களில் பலருக்குக் காரணம் இதுவே. பாலி போட்ட முனையில் இந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அளவுக்கு மீறி இறுக்கக் கூடாது, பக்கத் தகடு உள்நோக்கி வளைகிற அளவுக்கு ஸ்பானரில் குழாய் மாட்டி இறுக்கினால் புஷ் மாற்றியதில் பயனே இல்லை.

பட்டையை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டும் யு போல்ட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை இறுகி நீண்ட யு போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். புதியதைப் போட்டு, நான்கு நட்டையும் குறுக்காக மாற்றி மாற்றி ஏற்றி, 60 முதல் 80 நியூட்டன் மீட்டர் வரை டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை. யு போல்ட் தளர்ந்தால் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் இடையிலான வெட்டு விசை முழுவதும், பட்டையின் நடுவைத் துளைத்துச் செல்லும் சென்டர் போல்ட்டின் மேல் விழும். அது ஒடிந்தால் ஆக்சில் ஒரு பக்கம் பின்வாங்கி வண்டி நண்டு போலப் பக்கவாட்டில் நகரும்.

இனி புஷ் செட் தீர்க்காத விஷயம். ஜிப்சி தூக்கிப் போடுகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் புஷ் அல்ல, துருவேறிய பிளேட்டுகள். பட்டையின் பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கினால்தான் பட்டை வளையும். இடையில் துரு சேர்ந்து உராய்வு கூடினால், சிறு மேடுகளின் விசை அந்த உராய்வைக் கடக்கவே போதாது. இவ்வளவு இலேசான வண்டியில் இது இன்னும் மோசம். பட்டை அசையாமல் கிடக்க, மேடு டயர் வழியாக நேரே இருக்கைக்கு வருகிறது. இந்த நிலையில் எத்தனை விலை உயர்ந்த புஷ், கேஸ் ஷாக் அப்சார்பர் போட்டாலும் கடினம் கூடும், குறையாது. புஷ் மாற்ற எப்படியும் பட்டையை இறக்குகிறீர்கள். அப்போதே பிரித்துச் சுத்தம் செய்துவிடுங்கள். இந்த வேலைக்கு ஆகும் செலவு சொற்பம், பலன் செட்டை விடப் பெரிது.

பிளேட்டுகளின் வரிசையைப் பஞ்ச் உளியால் குறியிட்டு, சென்டர் போல்ட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு ஜி கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகே போல்ட்டைக் கழற்ற வேண்டும். கிளாம்ப் இல்லாமல் கழற்றினால் பிளேட்டுகள் தெறித்து விரியும், கை போகும். கிளாம்புகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று ஆகும் வரை துரு நீக்கிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் தேட வேண்டியது இரண்டு இடத்தில்: சென்டர் போல்ட் துளையைச் சுற்றி, பிறகு ஒவ்வொரு குட்டைப் பிளேட்டின் நுனியும் மேலுள்ள பிளேட்டில் அழுந்தும் கோட்டில். அந்தக் கோட்டில் ஆழமான பள்ளம் இருந்தால் பிளேட் நாளை அங்கேதான் ஒடியும், இன்றே மாற்றுங்கள். ஸ்பிரிங் எஃகில் வெல்டிங் செல்லாது. ஒடிந்த பிளேட்டைப் பற்றவைத்துத் தருகிறேன் என்று சொல்லும் பட்டறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

குட்டைப் பிளேட்டுகளின் நுனிக் கூர்மையைக் கிரைண்டரால் இலேசாக உருட்டிவிடுங்கள். எஃகு நீலநிறமாக மாறினால் சூடு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், நிறுத்தி ஆறவிடுங்கள். பிளேட்டுகளுக்கு இடையே கெட்டிக் கிரீஸை அப்பாதீர்கள், மணலும் தூசியும் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும். உலர்ந்த கிராஃபைட் பூச்சு நல்லது. பிளேட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகளைச் சுத்தியலால் அடித்து நெருக்க வேண்டாம். பிளேட்டுகள் பக்கவாட்டில் விலகாமல் பார்த்துக்கொள்வதுதான் கிளிப்பின் வேலை, அவற்றின் சறுக்கலைத் தடுப்பதல்ல. சென்டர் போல்ட் எப்போதும் புதியது, உயர் இழுவலிமை உள்ளது. அதன் தலை ஆக்சில் பீடத்தின் குழியில் தளர்வில்லாமல் உட்கார வேண்டும்.

பட்டை வளைவு குறைந்து தொய்ந்திருந்தால் அது வேறு வேலை. சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு விரல் அகலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வளைவு ஏற்ற வேண்டும், இரு பக்கத்துக்கும் சேர்த்து. நாமக்கல், சங்ககிரி போன்ற லாரி ஊர்களில் இதற்கென்றே பட்டறைகள் இருக்கின்றன. அங்கே கேட்க வேண்டிய ஒரே கேள்வி, சூடேற்றாமல் குளிர்நிலையிலேயே பிரஸ்ஸில் வளைக்கிறார்களா, சூடேற்றி வளைக்கிறார்களா என்பது. சூடேற்றினால் பிளேட் முழுவதையும் உலையில் சீராகச் சூடாக்கி, எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி பதப்படுத்த வேண்டும். கேஸ் டார்ச்சால் நடுவில் மட்டும் சிவக்கவைத்துச் சுத்தியலால் அடித்துக் காற்றில் ஆறவிட்டால், வளைவு சில மாதத்தில் போய்விடும், இல்லை பிளேட் ஒடியும். உலை இல்லாத பட்டறையில் குளிர்நிலை வளைப்பு மட்டும் செய்யச் சொல்லுங்கள்.

பாலி செட்டோடு சேர்த்து நீள ஷேக்கிளும் தள்ளுபடியில் தருகிறோம் என்பார்கள். முன்பக்கம் அதைப் போடும் முன் யோசியுங்கள். ஜிப்சியின் கேஸ்டர் கோணம், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, கம்பெனி அளவில் 3.5 டிகிரி. முன் பட்டையின் நீளம் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர். ஷேக்கிள் முன்னால் இருப்பதால், அது 5 சென்டிமீட்டர் நீண்டால் பட்டை முன்நோக்கிச் சாய்ந்து கேஸ்டரில் சுமார் 3 டிகிரி காணாமல் போகும். வண்டி உயர்வதோ பாதிதான், சுமார் 2.5 சென்டிமீட்டர். பதிலுக்கு ஸ்டீயரிங் தானாக நேராவது நின்று, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். ஆப்பு வைத்துக் கேஸ்டரைத் திருத்தலாம், ஆனால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் கெடும். உயரம் வேண்டுமென்றால் நல்ல வளைவுள்ள பட்டையே சரியான வழி.

ஷாக் அப்சார்பரைச் சோதிப்பது எளிது. கரடுமுரடான பாதையில் பத்து நிமிடம் ஓட்டியதும் நான்கையும் கையால் தொட்டுப் பாருங்கள். மூன்று சூடாக இருக்க ஒன்று குளிர்ந்தே இருந்தால் அது வேலை செய்யவில்லை. எண்ணெய் படலமாகக் கசிவது சகஜம், வழிந்தால் மாற்ற வேண்டும். ஆக்சில் மேலே வந்து சேஸியில் முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பழைய வண்டிகளில் பல நேரம் அவை இருப்பதே இல்லை, ஷாக் உள்ளே முட்டி உடைவது அதனால்தான்.

புஷ் மாற்றியும் 60, 70 வேகத்தில் ஸ்டீயரிங் உதறினால் பட்டையைக் குறை சொல்லாதீர்கள். முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங். ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி ஆட்டும்போதும் ஆட்டம் குறையாவிட்டால் கிங்பின் பக்கம்தான், ஷிம் எனும் மெல்லிய இடைத்தகட்டை எடுத்துச் சரிசெய்யலாம். டை ராடு முனைகளையும் பார்த்துவிட்டு, டோ இன், அதாவது முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி நெருங்கியிருக்கும் அளவை, 2 முதல் 6 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். டயர் காற்றையும் கவனியுங்கள். கார் டயர் போல 35 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு, சஸ்பென்ஷன் கடினம் என்று சொல்வதில் பொருள் இல்லை. வண்டியின் அட்டையில் போட்டிருக்கும் அளவுக்கு இறக்கிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பராமரிப்பு என்று பார்த்தால், பாலி போட்ட நான்கு முனைகளையும் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் பிரித்துச் சிலிகான் கிரீஸ் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்பே கிறீச்சிட்டால் உடனே. மேலே எண்ணெய் தெளித்து அடக்கினால் சத்தம் ஒரு வாரம் நிற்கும், பின்னின் தேய்மானம் நிற்காது. இந்த வேலைக்கு நேரமில்லாதவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் சர்வீஸ் விடுபவர்கள், பாலியை விட்டுவிட்டு 24-ம் கம்பெனி ரப்பராகவே போடுங்கள்.